கயிற்றுப் பாலமா, கிளைப் பாலமா? புதுத்தோட்டத்துச் சோலைமந்திகள் பற்றி ஒரு கேள்வி

ஆழியாறு (ஞாயிறு, இரவு 9.40)

இன்று காலை குடும்பத்தோடு வால்பாறை போனோம். நாற்பது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி முடித்து, ஊருக்குள் நுழைவதற்குக் கொஞ்சம் முன்னால் புதுத்தோட்டத்தில் வண்டிகள் வரிசையாக நின்றன. இறங்கிப் பார்த்தால் சோலைமந்திகள், அதாவது சிங்கவால் குரங்குகள்.

ஒரு தாய், வயிற்றில் குட்டியைக் கட்டிக்கொண்டு சாலையோரத் தடுப்புச் சுவரில் உட்கார்ந்திருந்தது. குட்டிக்கு இன்னும் பிடரி முளைக்கவில்லை. முகம் வெளுத்து, காது மட்டும் பெரிதாகத் தெரிந்தது. தாய் சுவரிலிருந்து இறங்கும், இரண்டு அடி வைக்கும், பைக் சத்தம் கேட்டால் திரும்பி ஏறிவிடும். மூன்று தடவை இப்படி. நாலாவது தடவை குட்டியை ஒரு கையால் அணைத்துக்கொண்டு ஒரே ஓட்டமாக ஓடிக் கடந்தது. எனக்கு மூச்சு நின்று வந்தது.

என் கேள்வி இதுதான். அந்த இடத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் சாலைக்கு மேலே ஒரு பாலம் தொங்குகிறது. கேன்வாஸ் பட்டைகளை ஏணிபோல் கோத்துக் கட்டியது. எங்கள் கண் முன்னாலேயே இரண்டு இளவட்டங்கள் அதில் சர்ரென்று போயின. ஆனால் இந்தத் தாய் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஏன்? இந்தப் பாலங்களால் உண்மையிலேயே பயன் இருக்கிறதா, இல்லை நம் மனசு ஆறுவதற்குக் கட்டியதா?

மரநாய் (ஞாயிறு, இரவு 10.25)

பயன் இருக்கிறது. நீங்களே இரண்டைப் பார்த்திருக்கிறீர்களே. பாலம் இல்லையென்றால் அந்த இரண்டும் தரையில்தான் வந்திருக்கும்.

தாய் ஏன் போகவில்லை என்பதற்கு என் அனுபவத்தில் ஒரு பதில் உண்டு. நான் காட்டியல் படித்தவன், ஆனைமலைப் பக்கம் இரண்டு பருவம் களப்பணி செய்திருக்கிறேன். குரங்கு பாலத்தைத் தேடிப் போகாது. தான் போகிற வழியில் பாலம் இருந்தால் ஏறும். காலையில் எந்த மரத்தில் தின்றது, அடுத்து எந்த மரத்துக்குப் போகிறது என்பதுதான் அதற்கு வழி. நீங்கள் பார்த்த இடத்தில் சுவர்ப் பக்கம் ஏதாவது தின்பண்டம் கிடந்ததா என்று யோசித்துப் பாருங்கள். தரையில் தீனி கிடைத்தால் தரைதான் வழி.

இதையும் சொல்லிவிடுகிறேன். சோலைமந்தி பிறவியில் தரைவாசி கிடையாது. தொடர்ச்சியான மழைக்காட்டில் அது இறங்குவதே அபூர்வம். உச்சி மரங்களிலேயே தின்று, தூங்கி, குட்டி வளர்த்துவிடும். வெடிப்பலா பூத்தால் பூவின் சதைப்பற்றைத் தின்னும், காய்த்தால் முள் தோலைப் பிய்த்து விதையைத் தின்னும். உலகத்திலேயே மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டும், அதுவும் தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம் மூன்று மாநிலங்களில்தான் இருக்கிறது. காட்டில் மிச்சம் இருப்பவை 4,000-க்கும் குறைவு என்பதுதான் கணிப்பு. பெண் மந்தி முதல் குட்டி போடுவதற்கே ஆறு வயதைத் தாண்டிவிடும். ஒரு குட்டிக்கும் அடுத்ததற்கும் இரண்டு மூன்று ஆண்டு இடைவெளி. சாலையில் ஒரு தாய் செத்தால் அந்தக் கூட்டம் அதை ஈடுகட்ட எத்தனை வருடம் ஆகும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஆழியாறு (ஞாயிறு, இரவு 10.41)

ஆமாம், நினைவுக்கு வருகிறது. முன்னால் நின்ற காரிலிருந்து பிஸ்கட் பாக்கெட்டை வீசினார்கள். ஐந்தாறு மந்திகள் அதற்காகவே இறங்கின. நான் போய்ச் சொன்னேன். "பாவம் சார், பசிக்குது போல" என்றார்கள். அவர்களைத் திட்டவும் மனம் வரவில்லை.

கோவை செந்தில் (திங்கள், காலை 6.55)

எனக்கு ஒரு சந்தேகம். புதுத்தோட்டம் காடு மொத்தமே நூறு ஹெக்டேருக்கும் குறைவு. சுற்றிலும் தேயிலை, பக்கத்தில் ஊர், நடுவே சாலை. அதற்குள் நூற்றைம்பதுக்கும் மேல் மந்திகள். இவற்றைப் பிடித்துப் பெரிய காட்டில் விட்டால் குரங்குக்கும் நல்லது, ஊருக்கும் நல்லது இல்லையா? ஆனைமலைப் புலிகள் காப்பகம் சுற்றிலும்தானே இருக்கிறது? எத்தனை காலத்துக்குப் பாலம் கட்டிக்கொண்டே இருப்பது?

கொழுந்து (திங்கள், காலை 7.30)

செந்தில் தம்பி, நான் அங்கேயே வாழ்கிறவள். முப்பது வருடமாகக் கொழுந்து எடுக்கிறேன். ஊருக்கு நல்லது என்று நீங்கள் சொன்னதால் எழுதுகிறேன்.

குரங்குத் தொல்லை உண்மைதான், இல்லை என்று சொல்லமாட்டேன். லயன் வீட்டில், அதாவது எங்கள் தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில், அடுப்படிக் கதவைச் சாத்த மறந்தால் போச்சு. போன ஆடியில் ஒரு குடம் நிறைய ஊறவைத்த அரிசியைக் கவிழ்த்துவிட்டுப் போய்விட்டன. கூரை ஓடுகளை நகர்த்திவிட்டு உள்ளே இறங்கும். மழைக்காலத்தில் ஓடு நகர்ந்தால் வீடு முழுக்க ஒழுகும். ஓடு மாற்றித் தரச் சொல்லி எழுதிக் கொடுத்து ஒரு வருடம் ஆகிறது.

ஆனால் பிடித்துக்கொண்டு போ என்று நான் சொல்லமாட்டேன். என் மாமியார் காலத்தில் இந்தக் குரங்கு வீட்டுப் பக்கம் வராது. காட்டுக்குள் கூவுகிற சத்தம் மட்டும் கேட்கும். கருங்குரங்கைத்தான் லேகியத்துக்கு என்று சுட்டுத் தீர்த்தார்கள். சிங்கவாலை யாரும் அதிகம் பார்த்ததுகூடக் கிடையாது. இப்போது அது வீட்டுக்கு வருகிறது என்றால், நாங்கள் குப்பை கொட்டுகிற இடம் அதற்குப் பழகிவிட்டது. ஹோட்டல் எச்சில் இலை, கறிக்கடைக் கழிவு, டூரிஸ்ட் வீசுகிற சிப்ஸ் எல்லாம் திறந்து கிடக்கிறது. எங்கே கொண்டுபோய் விட்டாலும் அது வீட்டைத் தேடித்தான் வரும்.

மரநாய் (திங்கள், காலை 9.10)

அக்கா சொன்னதுதான் சரி. நான் கூடுதலாக இரண்டு விஷயம் சொல்கிறேன்.

பெரிய காடு காலியாக இருக்கிறது என்று நினைக்கிறோம். அங்கே ஏற்கெனவே மந்திக் கூட்டங்கள் உண்டு. அந்தக் காடு எத்தனையைத் தாங்குமோ அத்தனை இருக்கும். புதிதாக ஒரு கூட்டத்தை இறக்கினால் சண்டை, பட்டினி, நோய். இவற்றில் எதைத் தவிர்க்க முடியும்? அதுவும் சோறும் சிப்ஸும் தின்று பழகிய கூட்டம் அடுத்த எஸ்டேட் லயனுக்குத்தான் போகும்.

செந்தில் சொன்ன எண்ணிக்கையையும் கவனமாகப் பார்க்க வேண்டும். நூறு ஹெக்டேருக்குள் இத்தனை மந்தி என்றதும் "ஆஹா, நன்றாகப் பெருகியிருக்கிறது" என்று தோன்றும். பெரிய காட்டில் ஒரே ஒரு கூட்டம் சுற்றுகிற பரப்பு 5 சதுர கிலோமீட்டர் வரை போகும், அதாவது 500 ஹெக்டேர். இங்கே அதில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவான இடத்தில் பல கூட்டங்கள். வெளியே போக வழி இல்லாததால் அடைந்து கிடக்கின்றன. சோலைமந்தியில் பெண்கள் பிறந்த கூட்டத்திலேயே இருக்கும். ஆண்கள் வயது வந்ததும் வேறு கூட்டம் தேடிப் போகும். போக மரம் இல்லையென்றால் ரத்தம் ரத்தத்தோடேயே கலக்கும். எண்ணிக்கை கூடியிருக்கிறதே என்று நிம்மதியாக இருந்துவிட முடியாது.

வால்பாறைப் பீடபூமி 220 சதுர கிலோமீட்டர். 1890-களில் காட்டை அழித்துத் தோட்டம் போட ஆரம்பித்தார்கள். காபி, பிறகு தேயிலை. அழிக்காமல் விட்ட துண்டுகள்தான் இந்த நாற்பதுக்கும் மேற்பட்ட காட்டுத் திட்டுகள். பலவும் தனியார் எஸ்டேட்டுக்குள் இருக்கின்றன. அவற்றைச் "சின்னத் துண்டு, போனால் போகட்டும்" என்று விட்டிருந்தால் புதுத்தோட்டத்தில் இன்று ஒரு மந்தி இருக்காது.

பொதிகை (திங்கள், பகல் 12.15)

திருநெல்வேலிக்காரனாக ஒரு தகவல். எங்கள் களக்காடு 1976-இல் சரணாலயம் ஆனதே இந்த மந்திக்காகத்தான். 1988-இல் முண்டந்துறையோடு சேர்த்துப் புலிகள் காப்பகம் ஆனது. இப்போது எல்லோருக்கும் புலிதான் ஞாபகம். கேரளத்துச் சைலன்ட் வேலியில் குந்திப்புழை அணைத் திட்டத்தை 1983-இல் கைவிட்டதற்குப் பின்னாலும் இந்தக் குரங்கின் பெயர் இருந்தது. அடுத்த ஆண்டே அது தேசியப் பூங்கா ஆனது. அணையையே நிறுத்த முடிந்த நமக்கு ஒரு சாலையில் வண்டியின் வேகத்தைக் குறைக்க முடியாதா என்றுதான் கேட்கத் தோன்றுகிறது.

பினாங்கு மாறன் (திங்கள், மாலை 5.50)

வணக்கம். மலேசியாவிலிருந்து எழுதுகிறேன். எங்கள் பினாங்குத் தீவில் தெலுக் பகாங் என்ற இடத்தில் 2019-இல் ஒரு பாலம் கட்டினார்கள். பழைய தீயணைப்புக் குழாய்களைப் பின்னிச் செய்தது. லங்கூர் ப்ராஜெக்ட் பினாங்கு என்ற குழு முன்னின்று செய்தது. அங்கே கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் உள்ள மந்தி உண்டு, நாங்கள் லோத்தோங் என்போம். ஒரு பக்கம் காடு, மறுபக்கம் கடற்கரையோரத் தோட்டங்கள், நடுவே சாலை. அடிபட்டுச் சாகும், கரண்ட் கம்பியில் நடந்தும் சாகும்.

பாலம் வந்த உடனே குரங்கு ஏறிவிடவில்லை. பல மாதம் பிடித்தது. முதலில் அணில்தான் போனது. போர்னியோவில் கினபாத்தாங்கான் ஆற்றுப் பக்கம் ஓராங் ஊத்தானுக்காக 2003-இலிருந்தே கயிற்றுப் பாலம் கட்டினார்கள். ஓராங் ஊத்தான் கடப்பதைப் படம் பிடிக்க 2010 ஆகிவிட்டது. எனவே ஒரு தாய் ஏறவில்லை என்று ஆழியாறு மனம் தளர வேண்டாம். இளசுகள் போவதைப் பார்த்துப் பார்த்துத்தான் மற்றவை பழகும்.

பராமரிப்புதான் பெரிய வேலை. வெயிலிலும் மழையிலும் முடிச்சு இற்றுப்போகும், கட்டிய மரம் வளர்ந்து பட்டை இறுகும். மாசாமாசம் யாராவது ஏறிப் பார்க்க வேண்டும். திறப்பு விழாவுக்கு வருகிற கூட்டம் அதற்கு வருவதில்லை.

கிளுவை வேலி (திங்கள், இரவு 8.20)

மந்தியாவது ஓடும், தாவும். எங்கள் வேடசந்தூர்ப் பக்கத்துத் தேவாங்குக்கு அதுவும் வராது. தேவாங்கு தாவவே தாவாது. ஒரு கையால் அடுத்த கிளையை எட்டிப் பிடித்த பிறகுதான் இந்தக் கிளையை விடும். இரண்டு கிளைக்கும் நடுவே ஒரு முழம் இடைவெளி இருந்தால் அதற்கு அது கிணறு மாதிரி. இறங்கித் தரையில்தான் போக வேண்டும். நாய், வண்டி, ஆட்கள். கண்ணுக்கும் மாந்திரீகத்துக்கும் என்று அதைப் பிடித்த கதை எல்லோருக்கும் தெரியும்.

2022-இல் கடவூர் தேவாங்கு சரணாலயம் வந்தது, 11,806 ஹெக்டேர். ரொம்ப சந்தோஷம். ஆனால் தேவாங்குக்குச் சரணாலய எல்லை தெரியாது, எங்கள் காட்டு வேலிக்கும் வரும். என் தாத்தா வைத்த கிளுவை வேலியில் ராத்திரி டார்ச் அடித்தால் இரண்டு சிவப்புக் கண் நின்று பார்க்கும். வேலியோடு வேலியாக அரைக் கிலோமீட்டர் போய்விடும். இப்போது எல்லோரும் கிளுவையைப் பிடுங்கிவிட்டுக் கம்பி வேலி போடுகிறார்கள். கம்பியில் அது எப்படி நடக்கும்? நான் என் பங்கு வேலியைப் பிடுங்கவில்லை. பக்கத்துக் காட்டுக்காரரிடமும் பேசிக்கொண்டிருக்கிறேன்.

ஆழியாறு (திங்கள், இரவு 8.34)

கிளுவை வேலி அண்ணா எழுதியதைப் படித்த பிறகு என் கேள்வியே தப்பு என்று தோன்றுகிறது. பாலம் போதுமா என்பதைவிட, முன்னால் அங்கே என்ன இருந்தது என்று கேட்டிருக்க வேண்டும். புதுத்தோட்டத்தில் சாலைக்கு மேல் கிளைகள் கூடியிருந்ததா?

கொழுந்து (திங்கள், இரவு 9.15)

கூடியிருந்தது. பஸ்ஸில் போகும்போது பகலிலேயே இருட்டாக இருக்கும். அப்புறம் கரண்ட் கம்பி இழுத்தார்கள், சாலையை அகலமாக்கினார்கள். ஒவ்வொரு வருடமும் மழைக்கு முன்னால் ஆட்கள் வந்து கம்பிக்கு மேல் வருகிற கிளையெல்லாம் வெட்டிப் போடுவார்கள். இப்போது வானம் தெரிகிறது.

தோட்டத்துக்குள்ளும் அப்படித்தான். தேயிலைக்கு நடுவே நிற்கிற ஷேடு மரம் பூராவும் சில்வர் ஓக். அதையும் கொழுந்துக்கு வெயில் வேண்டும் என்று கிளை கழித்துவிடுவோம். கம்பம் மாதிரி நிற்கும். ஒரு மரத்திலிருந்து இன்னொன்றுக்குக் காக்காய்தான் போக முடியும்.

மரநாய் (திங்கள், இரவு 10.05)

ரொம்ப முக்கியமான விஷயத்தைத் தொட்டுவிட்டீர்கள் அக்கா. காட்டுத் திட்டுக்கும் திட்டுக்கும் நடுவே கிடப்பது தேயிலை. அந்தத் தேயிலைக்குள் என்ன மரம் நிற்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. சில்வர் ஓக் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது, மந்திக்குப் பழம் தராது. அந்த வரிசையில் நாலுக்கு ஒன்றாக அத்தி, நாவல், அயனி, கருங்குங்கிலியம் என்று மாற்றினால் பத்துப் பதினைந்து வருடத்தில் நிழலும் இருக்கும், பழமும் இருக்கும், வழியும் இருக்கும்.

நேச்சர் கன்சர்வேஷன் பவுண்டேஷன் என்ற அமைப்பு வால்பாறையில் 2000-வாக்கிலிருந்து இந்த வேலையைச் செய்கிறது. எஸ்டேட்டுகளோடு ஒப்பந்தம் போட்டு, சீர்கெட்ட திட்டுகளில் உண்ணிச்செடியை அகற்றி, மழைக்காட்டு மரங்களின் கன்றுகளை நடுகிறார்கள். அவர்கள் நாற்றங்காலை நான் பார்த்திருக்கிறேன். சாலையோரம் விழுந்து, டயரில் நசுங்கப் போகிற விதைகளைப் பொறுக்கிக் கொண்டுவந்து முளைக்கவைக்கிறார்கள். வெடிப்பலா விதை கையில் வழவழவென்று இருக்கும். வருடக்கணக்கில் சேமித்து வைக்க முடியாது, ஈரம் காய்வதற்குள் ஊன்ற வேண்டும். நட்ட பிறகும் இரண்டு மூன்று வருடம் களை எடுக்கவில்லை என்றால் கன்று காணாமல் போகும்.

வெளிநாட்டிலும் இப்படிச் செய்து காட்டியிருக்கிறார்கள். பிரேசிலில் தங்கச் சிங்கக் குரங்கு என்று ஒன்று, ரொம்பச் சின்ன உருவம்தான். 1970-களின் தொடக்கத்தில் காட்டில் 200 வாக்கில்தான் இருந்தது. மிருகக்காட்சி சாலைகளில் பிறந்தவற்றைக் காட்டில் விட்டு, விவசாயிகளின் நிலத்தில் மரம் நட்டுக் காட்டுத் துண்டுகளை இணைத்து, 2014-இல் 3,700-க்குக் கொண்டுவந்தார்கள். பிறகு மஞ்சள் காய்ச்சல் வந்து மூன்றில் ஒரு பங்கு செத்தது. விடவில்லை, குரங்குக்கே தடுப்பூசி போட்டார்கள். 2020-இல் நெடுஞ்சாலைக்கு மேல் மண் கொட்டி மரம் வளர்க்கிற பாலமே கட்டிவிட்டார்கள். 2023 கணக்கெடுப்பில் 4,800. ஐம்பது வருட வேலை இது. அந்த மண் பாலத்திலும் கிளைகள் சேர்ந்த பிறகுதான் குரங்கு சுகமாக நடக்கும்.

மலைப்பாதை (செவ்வாய், காலை 5.40)

மலைப்பாதையில் பஸ் ஓட்டுகிறேன். எல்லோரும் கிளை கிளை என்கிறீர்கள். ஆடி ஆவணியில் அந்தச் சாலையில் வண்டி ஓட்டிப் பாருங்கள். காற்றில் மரம் முறிந்து சாலைக்குக் குறுக்கே விழும். எனக்கு முன்னால் போன ஜீப்பின் மேல் ஒரு கிளை விழுந்து நான்தான் ஆட்களை வெளியே எடுத்தேன். கம்பியின் மேல் கிளை விழுந்தால் லயன் முழுக்க மூன்று நாள் இருட்டு. பிரசவ வலியோடு ஒரு பெண்ணை ஏற்றிக்கொண்டு போகிற வண்டி மரம் விழுந்து நின்றால் யார் பொறுப்பு? குரங்கின் மேல் எனக்கும் பிரியம் உண்டு. வளைவில் இரண்டாவது கியரில்தான் போகிறேன். ஆனால் கிளை வெட்டுகிற ஆளைக் கெட்டவன் ஆக்காதீர்கள்.

மரநாய் (செவ்வாய், காலை 8.15)

அண்ணா, நீங்கள் சொன்னது எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. மன்னியுங்கள்.

எல்லா மரத்தையும் விட வேண்டாம். பட்டுப்போனது, வேர் பெயர்ந்தது, மண் சரிவில் சாய்ந்தது எல்லாம் கட்டாயம் வெட்டத்தான் வேண்டும். மந்திகள் கடக்கிற இடம் சாலை முழுக்கக் கிடையாது, குறிப்பிட்ட சில இடங்கள்தான். அந்த இடங்களில் மட்டும் இரண்டு பக்கமும் உறுதியாக நிற்கிற மரமாகப் பார்த்து, ஒரு ஜோடிக் கிளையை விட்டுவிட்டால் போதும். அங்கே மின்கம்பிக்கு உறை போட்டுவிட்டால் கிளையும் பிழைக்கும், குரங்கும் பிழைக்கும். கிளை கிடைக்காத இடத்தில் பாலம்.

மலைப்பாதை (செவ்வாய், காலை 8.52)

அப்படியென்றால் சரி. கடக்கிற இடம் எது எது என்று என்னைக் கேளுங்கள். ஒரு நாளைக்கு நாலு நடை போகிறேன், எனக்குத் தெரியாததா.

கோவை செந்தில் (செவ்வாய், காலை 10.30)

பிடித்து வேறு காட்டில் விடலாம் என்று எழுதியது நான்தான். இப்போது அப்படி நினைக்கவில்லை. லயன் பக்கம் மூடி போட்ட குப்பைத் தொட்டி வைக்க என்ன செலவாகும் என்று கொழுந்து அக்கா விசாரித்துச் சொன்னால், நாங்கள் நாலு பேர் சேர்ந்து முதல் மூன்று தொட்டிக்குப் பணம் தருகிறோம்.

கொழுந்து (செவ்வாய், இரவு 7.05)

பணம் வேண்டாம் என்று சொல்லமாட்டேன் தம்பி. ஆனால் மூடிக்குத் தாழ்ப்பாள் இருக்க வேண்டும். வெறும் மூடியை இந்தக் குரங்கு ஒரு நிமிடத்தில் திறந்துவிடும், நான் பார்த்திருக்கிறேன். அடுப்படி ஜன்னலுக்குக் கம்பி வலை அடித்தால் இன்னும் நல்லது. வீட்டில் ஒன்றும் கிடைக்காது என்று தெரிந்தால் அது காட்டுக்குத்தான் போகும்.

ஆழியாறு (ஐந்து வாரம் கழித்து, சனி, மாலை 6.20)

இழையை மறுபடி மேலே கொண்டுவருகிறேன். நேற்று வால்பாறை போயிருந்தேன். மலைப்பாதை அண்ணா சொன்ன நாலு இடங்களை வரைந்து எடுத்துக்கொண்டு போய், மழைக்கு முன் கிளை கழிக்க வந்திருந்தவர்களிடம் காட்டினோம். அண்ணாவும் விடுப்பு போட்டு வந்திருந்தார். மேஸ்திரி முதலில் முகம் கொடுக்கவில்லை. "எனக்கு மேலே இருந்து கேட்டா நான் என்ன சொல்றது?" என்றார். நியாயம்தான். அண்ணா மரத்தடியில் போய் வேரைக் காட்டினார், கம்பி எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று கையை நீட்டி அளந்து காட்டினார். அரை மணி நேரம் பேசிய பிறகு இரண்டு இடத்தில் விட ஒத்துக்கொண்டார். மூன்றாவது மரம் உள்ளே பொக்கை, அதை அவர் தட்டிக் காட்டியதும் நாங்களே வெட்டச் சொல்லிவிட்டோம். நாலாவதில் கம்பி ரொம்பக் கிட்டே, அங்கே ஒரு பாலம் கேட்டு மனு கொடுத்திருக்கிறோம்.

விட்ட இரண்டில் ஒன்று பழைய நாவல். எதிர்ப்பக்கத்து அத்திக் கிளையோடு இன்னும் சேரவில்லை. நடுவே ஒரு ஆள் உயரம் இடைவெளி. மேஸ்திரி அண்ணாந்து பார்த்துவிட்டு, "ரெண்டு மழை பெய்யட்டும், தொட்டுடும்" என்றார்.